ஒழுங்கைக்கு எந்த லைற்? வாங்குவதற்கு முன் ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இப்போது ஒரே மாதிரியான கூட்டம் அடிக்கடி நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கம் காசு அனுப்பியிருக்கும், அல்லது பிரதேச சபையிலிருந்து ஏதாவது ஒதுக்கீடு வந்திருக்கும். சனசமூக நிலையத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடி வீதிக்கு லைற் போடுவதென்று தீர்மானிப்பார்கள். எத்தனை லைற், எத்தனை வாட், எந்தக் கடை என்பதோடு கதை முடிந்துவிடும். லைற் எந்த நிறம், எந்தப் பக்கம் பார்க்கும், எத்தனை மணி வரை முழுதாக எரியும் என்று யாரும் கேட்பதில்லை. வாட் கணக்கை விட இந்த மூன்றும்தான் முக்கியம் என்பது என் கருத்து. இவற்றைக் கேட்காமல் வாங்கினால் காசும் போகும், கண்ணும் கூசும், இரவு வானமும் போகும்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். மின்கம்பம் உள்ள ஒழுங்கைகளுக்கு 15 முதல் 20 வாட் வரையான மஞ்சள் நிற எல்.ஈ.டி. போதும். அது கீழ்நோக்கி மட்டும் ஒளி விடுகிற தட்டைக் கண்ணாடி லைற்றாக, இரவு பத்தரைக்குப் பிறகு மங்கக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பமே இல்லாத இடங்களுக்கு, ஆள் நடமாட்டம் கண்டு வெளிச்சம் கூடுகிற சோலார் லைற் நல்லது. 50, 100 வாட் வெள்ளை ஃபிளட் லைற்றை வீதிக்குப் போடவே கூடாது.

வெளிச்சம் கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1990க்குப் பிறகு பல வருடங்கள் இந்தக் குடாநாடு மின்சாரமே இல்லாமல் இருந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் திரியும் வைத்து, அந்தச் சுடரில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களுக்கு இருட்டு என்றால் ஊரடங்கும் பயமும்தான் ஞாபகம் வரும். இன்றைய காரணங்களும் பொய்யில்லை. ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள், மாரிக் காலத்தில் ஒழுங்கையைக் குறுக்கறுக்கும் புடையன் பாம்பு, வாள்வெட்டுக் குழுக்கள் பற்றிய செய்திகள், கட்டில்லாத மதகுகள். ஆகவே லைற் வேண்டாம் என்பது என் வாதமில்லை. போடுகிற லைற் அந்த மதகைக் காட்ட வேண்டும், பாம்பைக் காட்ட வேண்டும். பிரகாசமான லைற் எல்லாம் அதைச் செய்வதில்லை.

கண்கூச்சம் என்கிற பொய் வெளிச்சம்

எங்கள் பக்கத்தில் ஒரு முடக்கு இருக்கிறது. அங்கே கம்பத்தில் ஒரு பெரிய வெள்ளை ஃபிளட் லைற் பூட்டியிருக்கிறார்கள், தூரம் வரை வெளிச்சம் போகட்டும் என்று முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி. சைக்கிளில் அதை நோக்கி வரும்போது கண் தானாகவே சுருங்கும். லைற்றைத் தாண்டியதும் முன்னால் ஒரே கறுப்பு. மதகு இருப்பது அந்தக் கறுப்புக்குள்தான். ஊரிலே ஓட்டோ ஓடுகிற ஒரு அண்ணை சொன்னார்: "லைற் போட முதல் அந்த மதகு மங்கலாவது தெரிஞ்சது தம்பி. இப்ப லைற்றுக்கு அங்கால ஒண்டும் தெரியேல்லை."

அவர் சொன்னது கண் வேலை செய்கிற விதத்தோடு சரியாகப் பொருந்துகிறது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் எடுக்கும், அந்தப் பழக்கத்தைக் கெடுக்க ஒரு கணம் போதும். கண்ணில் நேரடியாக விழும் ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி ஒரு புகைத்திரை போல மேலே படர்கிறது. வயது போனவர்களுக்கும் கண்புரை தொடங்கியவர்களுக்கும் இது இன்னும் மோசம். நமது கிராமங்களில் இரவில் நடப்பவர்களில் எத்தனை பேர் அறுபது தாண்டியவர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு சின்னச் சோதனை செய்யலாம். லைற்றிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி நின்று, உள்ளங்கையை நீட்டி லைற்றை மட்டும் மறையுங்கள். மறைத்ததும் நிலமும் வேலியும் முன்பைவிட வடிவாகத் தெரிந்தால், அந்த லைற் உதவுவதை விடக் கெடுப்பதுதான் அதிகம். கூட்டத்தில் வாதாடுவதை விட எல்லாரையும் அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் இதைச் செய்து காட்டுவது நல்லது.

வெளிச்சத்தின் அளவையும் கொஞ்சம் பார்ப்போம். நிலத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். பூரணை நிலவில் அது கூடினால் 0.3 லக்ஸ். அந்த ஒளியிலேயே நமது அப்புமாரும் ஆச்சிமாரும் கோயில் திருவிழாவுக்கு நடந்து போய் வந்தார்கள். சாதாரண வீதி விளக்கின் அடியில் 5 முதல் 15 லக்ஸ் வரை இருக்கும். அப்படியென்றால் சிறிய லைற்றுகூட நிலவைவிடப் பல மடங்கு வெளிச்சம் தருகிறது. சரியான இடத்தில் விழுந்தால் 15 வாட் தாராளம்.

மேலே போகிற ஒளி எங்கே போகிறது?

பக்கவாட்டிலும் மேலேயும் தப்பிப் போகும் ஒளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டு மீண்டும் கீழே திரும்புகிறது. யாழ் நகரத்தை இரவில் மண்டைதீவுப் பக்கமிருந்தோ பண்ணைப் பாலத்திலிருந்தோ பார்த்தால் மேலே ஒரு வெளிறிய கூடாரம் தெரியும். கடலும் களப்பும் சுற்றிவர இருப்பதால் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம், அதனால் அந்தக் கூடாரமும் தடிப்பம்.

2016இல் வெளியான உலக இரவு வான வரைபடத்தின்படி, உலக மக்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஒளி மாசடைந்த வானத்தின் கீழ்தான் வாழ்கிறார்கள். மூன்றில் ஒருவருக்குப் பால்வெளி தெரிவதில்லை. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறும் கண்ணால் செய்த அவதானிப்புகளை வைத்து 2023இல் வந்த ஆய்வு, இரவு வானத்தின் பிரகாசம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறது என்றது. அந்த வேகத்தில் போனால் எட்டு வருடத்துக்குள் வானம் இரு மடங்கு வெளிச்சமாகிவிடும்.

இந்த விஷயத்தில் நமக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது. யாழ்ப்பாணம் வடக்கே 9.7 பாகையில் இருக்கிறது. இங்கிருந்து துருவ நட்சத்திரமும் தெரியும், தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டமும் தெரியும். ஐரோப்பாவில் இருக்கிற நமது உறவுகளுக்கு இரண்டாவது கிடைக்காது, அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு முதலாவது கிடைக்காது. ஆனால் நமக்கு இரண்டுமே அடிவானத்துக்குக் கிட்டத்தான் நிற்கின்றன. துருவ நட்சத்திரம் பத்துப் பாகை உயரம், தெற்குச் சிலுவை கூடினால் இருபது. நகர ஒளி முதலில் விழுங்குவதும் அந்த அடிவானத்தைத்தான். 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு இருந்த கிழமைகளில், வீட்டு முற்றத்திலிருந்தே பால்வெளி தெரிகிறதென்று நகரத்துப் பிள்ளைகள் வியந்ததைக் கண்டிருக்கிறேன். அவ்வளவு கஷ்டமான காலத்தில்தான் அது கிடைக்க வேண்டியிருந்தது என்பதே கவலை.

வானம் மட்டுமில்லை. 2017இல் சுவிற்சர்லாந்தில் செய்த ஒரு ஆய்வில், லைற் போட்ட புல்வெளிகளில் பூக்களுக்கு வரும் இரவுப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது. மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் எந்த வெள்ளை லைற்றின் அடியிலும் போய்ப் பாருங்கள், ஈசல் செட்டைகள் குவியலாகக் கிடக்கும். வயலோரம் லைற் போடுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சில நெல் இனங்கள், குறிப்பாகப் பழைய இனங்கள் பல, இரவின் நீளத்தை வைத்துத்தான் கதிர் தள்ளும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. அப்படியான இனமென்றால் விடிய விடிய லைற் விழும் மூலையில் கதிர் பிந்தலாம், மற்றப் பக்கம் அறுவடைக்கு நிற்க அந்த மூலை பச்சையாக நிற்கலாம். வலசை வரும் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கின்றன. சுண்டிக்குளமும் மண்டைதீவுக் களப்பும் அவை வந்திறங்கும் இடங்கள்.

நான்கு தெரிவுகள்

பழைய செம்மஞ்சள் சோடியம் லைற் இன்னும் சில பிரதான வீதிகளில் எரிகிறது. வானத்துக்கு அதன் நிறம் நல்லது, ஏறத்தாழ 2000 கெல்வின். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. ஆனால் 70 வாட் லைற் சோக்கோடு சேர்த்து 85 வாட் வரை இழுக்கும், குண்டுக் கண்ணாடி என்பதால் ஒளி நாலாபக்கமும் சிதறும், தயாரிப்பும் உலகெங்கும் சுருங்கி வருகிறது. ஏற்கெனவே இருப்பது பழுதாகும் வரை எரியட்டும். புதிதாக வாங்க வேண்டாம்.

வெள்ளை எல்.ஈ.டி.தான் இன்று கடைகளில் முன்னால் அடுக்கியிருப்பது. 6000, 6500 கெல்வின், "டே லைற்" என்று பெட்டியில் எழுதியிருக்கும். விலை மலிவு, படத்தில் எடுப்பாகத் தெரியும், காசு அனுப்பியவர்களுக்கும் பார்க்கச் சந்தோசம். இதன் சிக்கல் உள்ளேயே இருக்கிறது. வெள்ளை எல்.ஈ.டி. என்பது உண்மையில் நீல எல்.ஈ.டி.தான். அந்த நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2014இல் மூன்று பேருக்குப் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. அதன் மேல் மஞ்சள் பூச்சுப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். கெல்வின் எண் கூடக் கூட நீலப் பங்கும் கூடும். நீலம் காற்றில் மிக எளிதாகச் சிதறும் நிறம், பகல் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். எல்.ஈ.டி.யின் நீல ஒளி சோடியத்தின் மஞ்சள் ஒளியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறுகிறது. அதே வாட்டுக்கு வானம் அதிகம் வெளுக்கும், கண்ணும் அதிகம் கூசும்.

தூக்கத்தையும் அதுவே கெடுக்கிறது. இரவென்று உடலுக்குச் சொல்லும் மெலற்றோனின் சுரப்பை அதிகம் தடுப்பது நீல ஒளி. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வீதி விளக்குகள் 3000 கெல்வினைத் தாண்டக் கூடாது, கண்ணை நேரடியாகத் தாக்காமல் மூடியிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிரான்ஸ் 2018 இறுதியில் வெளியிட்ட ஆணையில் புதிய வெளிப்புற விளக்குகளுக்கு அதே 3000 எல்லையை வைத்தது. கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற நகரம் வெள்ளை எல்.ஈ.டி. பூட்டிய பிறகு, படுக்கையறைக்குள் வெளிச்சம் அடிக்கிறதென்று மக்கள் முறைப்பட்டு, வீட்டுப் பகுதிகளில் கழற்றி 2700 கெல்வினுக்கு மாற்ற வேண்டி வந்தது. இரண்டு தரம் செலவு. அப்படி இரண்டு தரம் செலவழிக்கிற வசதி நமது சனசமூக நிலையங்களுக்கு இல்லை.

மஞ்சள் எல்.ஈ.டி., அதாவது 2700 அல்லது 3000 கெல்வின், அதே கடையில் பின் தட்டில் இருக்கும். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். முன்பு வெள்ளையோடு ஒப்பிட்டால் இதற்கு ஒளி குறைவு என்றொரு பேச்சு இருந்தது, இப்போது அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. "மஞ்சள் மங்கலப்பா" என்று கூட்டத்தில் யாராவது சொல்லுவார்கள். மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் கூச்சம் இல்லாமைதான். நிறம் மட்டும் போதாது, உடம்பும் முக்கியம். ஒளி வரும் முகம் தட்டையாக, நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். தூரத்தில் நின்று பார்க்கும்போது எல்.ஈ.டி. மணிகள் கண்ணில் படக் கூடாது, கீழே விழுந்த வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும். கையை வளைத்துப் பூட்டும்போது மேலே நிமிர்த்திவிட்டால் நல்ல லைற்றும் கெட்டுப் போகும். பூட்டுகிற பொடியனிடம் அதைக் கம்பத்தடியில் நின்று சொல்ல வேண்டும்.

சோலார் லைற்றில் எனக்கு விருப்பமும் பயமும் சேர்ந்தே இருக்கின்றன. கரண்ட் பில் இல்லை, வயர் இழுக்கத் தேவையில்லை. முக்கியமாக, ஆள் வரும்போது கூடி மற்ற நேரம் மங்குகிற வசதி அதோடேயே வருகிறது. சுடலை வீதி, கடற்கரை இறங்குதுறை, தோட்ட வெளிக்குள் போகும் மண் பாதை போன்ற இடங்களுக்கு அதை விட நல்லதில்லை. ஆனால் தகடு, பற்றரி, லைற் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மலிவு ரகங்களில் பற்றரி வெயிலில் வெந்து சீக்கிரம் சாகிறது. பெட்டியில் 200 வாட் என்று போட்டிருப்பதை நம்ப முடியாது, அந்தச் சிறிய தகட்டைப் பார்த்தாலே தெரியும். வேம்பும் பனையும் நிழல் விழுத்தும் ஒழுங்கையில் சார்ஜ் ஏறாது. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, மழையும் இருட்டும் வெள்ளமும் சேர்ந்து லைற் மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் வெயிலும் இருக்காது. கடலோரத்தில் உப்புக் காற்று ஆணிகளைத் தின்றுவிடும். இவ்வளவுக்கும் மேலே, பெரும்பாலானவை கடும் வெள்ளை. வாங்குவதென்றால் பற்றரியைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய ரகமாக, 3000 கெல்வின் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு பற்றரிக்குக் காசு யார் தருவது என்பதையும் அன்றே கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

லைற்றே இல்லாத ஒரு தெரிவையும் மறக்கக் கூடாது. சில முடக்குகளுக்கும் மதகுகளுக்கும் வெள்ளைப் பெயின்றும் ஒளி தெறிக்கும் பட்டியும் போதும். மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் அவை பளிச்சென்று தெரியும். பாம்புக்குக் கையிலுள்ள ரோச் லைற்றைப் போல வராது, ஏனென்றால் கம்பத்து வெளிச்சம் வேலி நிழலுக்குள் போவதில்லை.

எத்தனை மணி வரை?

எனக்கு நிறத்தை விடப் பெரிதாகப் படுவது நேரம். நமது இரவு வருடம் முழுவதும் ஏறத்தாழ 12 மணித்தியாலம். 50 வாட் வெள்ளை லைற் ஒன்று விடிய விடிய எரிந்தால் வருடத்துக்கு 219 யூனிற். 20 வாட் மஞ்சள் லைற் ஆறரை மணித்தியாலம் முழுதாகவும் மிச்ச ஐந்தரை மணித்தியாலம் 30 சதவீதத்திலும் எரிந்தால் ஏறத்தாழ 59 யூனிற். முப்பது லைற் உள்ள ஊருக்கு வருடத்தில் ஏறத்தாழ 4800 யூனிற் மிச்சம். பில்லை யார் கட்டினாலும் அது பொதுக்காசு.

எந்த மணிக்கு மங்க வேண்டும் என்பதை ஊர் தீர்மானிக்கட்டும். கடைசி பஸ் வரும் நேரமும் ரியூசன் விடும் நேரமும் ஊருக்கு ஊர் வேறு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறவர்கள் விடியப்புறமே வெளிக்கிடுவார்கள், கடலுக்குப் போகிறவர்கள் அதற்கும் முதல். ஆகவே பத்தரைக்கு மங்கி, நாலு மணிக்கு மீண்டும் முழுதாக வருவது பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும். முழுதாக அணைப்பதை நான் சொல்ல மாட்டேன்.

மங்கினால் களவு அதிகரிக்காதா? நியாயமான கேள்வி, இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளூராட்சிப் பகுதிகளை ஆராய்ந்து 2015இல் வந்த ஆய்வு, லைற்றை மங்கச் செய்ததாலோ பாதி இரவில் அணைத்ததாலோ விபத்தும் குற்றமும் கூடியதற்குச் சான்றில்லை என்றது. மறுபக்கம், நியூயோர்க்கின் தொடர்மாடிக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்குகள் வைத்த இடங்களில் இரவு வெளிப்புறக் குற்றங்கள் தெளிவாகக் குறைந்தன. நமது ஊர் இரண்டையும் போலில்லை. பிரச்சினையான சந்தி ஒன்றோ இரண்டோ இருந்தால் அங்கே மட்டும் விடிய விடிய முழு வெளிச்சம் இருக்கட்டும். மற்ற இடங்களில் ஆள் வந்தால் கூடுகிற சென்சர் நல்லது, ஏனென்றால் ஒரு லைற் திடீரென்று கூடினால் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள்.

வீதி லைற்றை மட்டும் மாற்றி வானம் திரும்பாது. அமெரிக்காவின் ரூசான் நகரத்தில் வீதி விளக்குகளை மங்கச் செய்து செய்மதியால் அளந்து பார்த்தபோது, நள்ளிரவுக்குப் பிறகு அந்த நகரத்தின் ஒளியில் வீதி விளக்குகளின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று தெரிந்தது. மிச்சம் கடைப் பலகைகளும் தனியார் விளக்குகளும். நமக்கென்றால் கேற் தூணில் விடிய விடிய எரியும் ஃபிளட் லைற், கலியாண மண்டப முகப்பு, கோபுரத்தைக் கீழிருந்து மேலே அடிக்கிற நிறவிளக்கு. திருவிழாக் கால அலங்காரத்தில் எனக்கு ஒரு குறையுமில்லை, நல்லூரில் 25 நாளும் எரியட்டும். திருவிழா இல்லாத நாட்களில் அர்த்தசாமப் பூசை முடிந்து நடை சாத்தியதும் கோபுர விளக்கை அணைக்கலாமே என்று பரிபாலன சபையிடம் மரியாதையாகக் கேட்கலாம். வீட்டு ஃபிளட் லைற்றைக் கீழே குனித்து ஒரு சென்சர் பூட்டுவது அரை நாள் வேலை.

கடைக்குப் போகிறவரிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்து விடுங்கள்: 3000 கெல்வின் அல்லது அதற்குக் கீழ், 20 வாட்டுக்கு மேல் வேண்டாம், தட்டைக் கண்ணாடி, மங்கச் செய்யும் வசதி, எழுத்தில் உத்தரவாதம். முப்பதையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். முதலில் இரண்டை வாங்கி, ஒன்றை முடக்கிலும் மற்றதை நேர் ஒழுங்கையிலும் பூட்டுங்கள். ஒரு மாதம் எரியட்டும், அதற்குள் ஒரு அமாவாசையும் வரும். அந்த வழியால் இரவில் போகிற ஓட்டோக்காரர், ரியூசன் பிள்ளைகள், பக்கத்து வீட்டு ஆச்சி எல்லாரிடமும் கேட்டுவிட்டு மிச்ச இருபத்தெட்டுக்கும் ஓடர் கொடுங்கள்.